ஒரு மான், இரண்டு அம்புகள்: வேட்டைப் பொருளில் யாருக்கு ஹக்கு?

 

ஒரு மான் ஓடுகிறது. ஒருவர் அம்பு எய்கிறார். அம்பு பட்டும் மான் நிற்கவில்லை. புதருக்கு அப்பால் நின்ற இன்னொருவர் எய்கிறார், மான் விழுகிறது. முதலாமவர் ஓடி வந்து, "நான்தான் முதலில் அடித்தேன்" என்கிறார். இரண்டாமவர், "என் அம்பில்தான் விழுந்தது" என்கிறார். மான் யாருக்கு?

தூத்துக்குடியில் இருந்துகொண்டு இதை ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் மாவட்டத்தில் வல்லநாட்டுக் குன்றில் வெளிமான்கள் இருக்கின்றன. அது சரணாலயம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. இஹ்ராம் அணிந்திருக்கும்போது நில வேட்டை கூடாது என்று அல்லாஹ்வே குர்ஆனில் (5:95, 5:96) தடுத்திருக்கிறான். ஆகுமான வேட்டைக்கும் காலமும் இடமும் வரம்பாக வரலாம் என்பது மார்க்கம் அறிந்த விஷயம். ஆனால் அதே 5:96-வது வசனத்தில்தான் கடல் வேட்டையை அல்லாஹ் நமக்கு ஹலாலாக்கியதாகச் சொல்கிறான். குர்ஆனின் பார்வையில் மீன்பிடிப்பும் வேட்டைதான். அப்படியானால் திரேஸ்புரத்திலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் கடலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் வேட்டைக்காரர்களே. இரண்டு அம்புச் சட்டம் அவர்களுக்கும் சேர்ந்ததுதான்.

முதலில் ஹதீஸைப் பார்ப்போம். முவத்தாவிலும் நஸாயியிலும் வரும் செய்தி இது. நபி (ஸல்) அவர்கள் இஹ்ராமுடன் மக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். ரவ்ஹா என்ற இடத்தில் காயம்பட்ட ஒரு காட்டுக் கழுதை கிடந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. ஸஹாபாக்கள் அதை நபியவர்களிடம் சொன்னார்கள். அதை விட்டுவிடும்படியும், அதற்குரியவர் வந்துவிடக்கூடும் என்றும் நபியவர்கள் கூறினார்கள். சொன்னபடியே பஹ்ஸீ குலத்தைச் சேர்ந்த அந்த வேட்டைக்காரர் வந்தார். அதை நபியவர்களின் விருப்பத்துக்கே விட்டுவிடுவதாகச் சொன்னார். அதன் பிறகுதான் அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சொல்லி அந்த இறைச்சியைப் பங்கிட வைத்தார்கள்.

அடிபட்டுக் கிடக்கும் ஒரு பிராணிக்கு "அதற்குரியவர்" என்று ஒருவர் இருப்பதாக நபியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர் கண்ணில் படவில்லை, பெயரும் தெரியாது. காயம் ஒன்றுதான் சாட்சி. அதுவே போதுமானதாக இருந்தது.

அதே பயணத்தில் ருவைஸாவுக்கும் அர்ஜுக்கும் இடையே, உடம்பில் அம்பு தைத்த ஒரு மான் நிழலில் ஒடுங்கி நின்றது. எல்லோரும் கடந்து போகும்வரை யாரும் அதைச் சீண்டாமல் பார்த்துக்கொள்ள ஒருவரை அங்கே நிறுத்தினார்கள் நபி (ஸல்) அவர்கள். இஹ்ராமில் இருந்தவர்கள் வேட்டையைத் தொடக்கூடாது என்பதற்காகத்தான் அந்தக் காவல் என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். அதுவும் சரியே. ஆனாலும் ரவ்ஹாவில் நடந்ததைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு, அந்த மானின் உடலில் தைத்திருந்த அம்பும் ஒருவருடையது என்பது நினைவுக்கு வராமல் போகாது.

இனி ஃபிக்ஹுக்கு வருவோம். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். ஹிஜ்ரி 676-ல் வஃபாத்தான இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் நம் மத்ஹபில் ஓதப்படும் கிதாபு. அதில் வேட்டைப் பாடத்தில் இந்த மஸ்அலா நேராகவே வருகிறது. யார் முதலில் அடித்தார் என்று மட்டும் அதில் பார்க்கப்படவில்லை. யார் கடைசியில் அடித்தார் என்றும் பார்க்கப்படவில்லை. அந்தப் பிராணியை ஓட முடியாமல் ஆக்கியது யாருடைய அடி என்பதே அங்கே கேள்வி.

முதல் அம்பு பட்டும் மான் தப்பி ஓடும் வலுவோடு இருந்தது, இரண்டாவது அம்புதான் அதை வீழ்த்தியது என்றால் மான் இரண்டாமவருக்கே. முதலாமவர் இரத்தத்தைக் காட்டி உரிமை கொண்டாட முடியாது. மாறாக, முதல் அம்பிலேயே மான் முடங்கிவிட்டது என்றால் அந்த நொடியிலேயே அது முதலாமவரின் சொத்தாகிவிட்டது. அவர் இன்னும் வந்து சேரவில்லை, கையை வைக்கவில்லை என்பதெல்லாம் பொருட்டல்ல. அதற்குப் பிறகு எய்பவர் வேட்டையாடவில்லை. இன்னொருவரின் பொருளைச் சேதப்படுத்துகிறார்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஓடும் பிராணிக்கு அம்பே அறுப்பாகும். முடங்கிக் கிடக்கும் பிராணி வீட்டு ஆட்டைப் போல. அதை முறைப்படி அறுத்தால்தான் ஹலால். எனவே, முடங்கிய மான்மீது இரண்டாமவர் எய்த அம்பு தற்செயலாக உணவுக்குழலையும் மூச்சுக்குழலையும் அறுத்திருந்தால் இறைச்சி ஹலால்; குறைந்த மதிப்புக்கு மட்டும் அவர் ஈடு தர வேண்டும். வேறு எங்காவது பட்டுச் செத்தால் அது செத்த பிணம்தான். முதலாமவருக்கும் ஹராம், இரண்டாமவருக்கும் ஹராம். விலையை இரண்டாமவர் கட்ட வேண்டும். ஆசைப்பட்டு எய்த ஓர் அம்பு இரண்டு வீட்டுச் சட்டியையும் காலியாக்கிவிட்டது. முதல் அடியில் முடங்கியதை மற்றவர் கொன்றால் உண்ணக்கூடாது, ஈடு தர வேண்டும் என்றே ஹனஃபி மத்ஹபின் ஹிதாயாவும் சொல்கிறது.

இருவரின் அம்பும் ஒரே நேரத்தில் பட்டு, இரண்டுமே வீழ்த்தக்கூடிய அடியாக இருந்தால் சரிபாதி. ஒருவரின் காயம் பெரிது, மற்றவருடையது சிறிது என்று அளந்து பங்கைக் கூட்டக் குறைக்க முடியாது.

சரி, கடலுக்கு வருவோம். மீனுக்கு அறுப்பு இல்லை, கடலில் செத்ததும் ஹலால் என்பது ஹதீஸ். அதனால் கடலில் ஹக்கு மட்டுமே மிச்சம். இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கரையில் தவறாக எய்தால் இறைச்சி ஹராமாகி உடனே கையைச் சுடும். கடலில் அடுத்தவர் மீனை எடுத்தால் மீன் பார்ப்பதற்கு அப்படியே இருக்கும், குழம்பும் ருசிக்கும், ஏலத்தில் விலையும் போகும்.

ஒருவர் வலையைக் கடலில் விட்டுவிட்டுத் தள்ளிப் போயிருக்கிறார். மிதப்பு தெரிகிறது, ஆள் இல்லை. அந்த வலையில் மாட்டித் தப்ப முடியாமல் கிடக்கும் மீன், விரித்தவர் அங்கே இல்லாவிட்டாலும் அவருடையது. மீன்பிடிக்கவென்று விரித்த வலை அவருடைய கை போன்றது. நண்டுக் கூட்டுக்கும் மீன் கூட்டுக்கும் இதே சட்டம். ரவ்ஹாவில் கிடந்த கழுதை இதுதான், சகோதரர்களே! அந்த வழியாகப் போகும் படகு "யாருமில்லையே" என்று கையை விட்டால், அம்பு தைத்த பிராணியைத் தூக்கிப் போவதற்குச் சமம்.

ஆனால் வலையைக் கிழித்துக்கொண்டு போன மீன்? தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு, வாயில் முள்ளோடு ஓடிய சீலா? அது முடங்கவில்லை. காயத்தோடு ஓடும் மான் அது. அடுத்து யார் பிடிக்கிறாரோ அவருக்கே. முள் மட்டும் முதலாமவருடையது, ஆள் தெரிந்தால் கொடுத்துவிட வேண்டும். படகுக்குள் ஏற்றிய பிறகு துள்ளிக் கடலில் விழுந்த மீனின் கணக்கு வேறு. ஒருமுறை சொந்தமானது தப்பி ஓடியதால் சொந்தம் போய்விடாது என்கிறது மின்ஹாஜ். இன்ன மீன்தான் என்று அடையாளம் தெரிந்தால் அது பழைய சொந்தக்காரருக்கே.

சங்கு குளிக்கிறவர்களிடம் வரும் சச்சரவும் இப்படித்தான் தீரும். இருவர் ஒரே சங்கைப் பார்க்கிறார்கள். முதலில் பார்த்தவர் என்று ஒரு ஹக்கு இல்லை, கையில் எடுத்தவருக்கே சொந்தம். முத்துச்சிப்பிக்கும் இதே அடிப்படைதான். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அந்தக் காலத்தில் சிப்பிகளைக் கரையில் குவித்து, அரசாங்கப் பங்கு போக மூன்றில் ஒரு பங்கைக் குளித்தவர்களுக்குக் கொடுத்தார்கள். பங்கு முன்கூட்டியே பேசி முடிவானது. கடலுக்குப் போகும் முன் பேசிக்கொண்டால் பாதி வழக்கு பிறக்காது என்பது என் அபிப்பிராயம்.

மீன் வயிற்றில் முத்து கிடைத்தால் என்ன செய்வது என்றுகூட நம் இமாம்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். துளையிடாத முத்தென்றால் மீனைப் பிடித்தவருக்குச் சொந்தம் என்கிறார் இப்னு குதாமா (ரஹ்). துளையிட்டதென்றால் அது ஏற்கெனவே ஒரு மனிதரின் கையில் இருந்த பொருள். கண்டெடுத்த பொருளுக்குரிய சட்டம் அதற்கு வந்துவிடும். துளையும் அம்பின் காயம் போலத்தான், "இதற்கு ஓர் ஆள் உண்டு" என்று சொல்லிவிடுகிறது.

மிச்சமிருப்பது கடினமான இடம். எந்த அடியில் விழுந்தது என்று இருவருக்குமே தெரியவில்லை. இரண்டு வலைகளும் பின்னிக்கொண்டன, நடுவில் கிடக்கும் மீன் எந்த வலைக்குரியது? கடலில் சாட்சி கிடையாது. கரைக்கு வந்து சத்தம் போடுகிறவர் ஜெயிப்பார், ஆள்பலம் உள்ள ஊர் ஜெயிக்கும். இரண்டு படகுகளில் ஆரம்பித்தது இரண்டு ஊர்ச் சண்டையாக முடிந்த கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அபூதாவூதில் உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் இங்கே வருகிறது. பழைய சொத்து ஒன்றில் வழக்காடி இருவர் நபியவர்களிடம் வந்தார்கள். இருவரிடமும் ஆதாரம் இல்லை, வெறும் வாய்ப்பேச்சுதான். தாம் ஒரு மனிதர் என்றும், ஒருவர் மற்றவரைவிடத் திறமையாகப் பேசிவிடலாம் என்றும், அப்படித் தம் தீர்ப்பால் சகோதரரின் ஹக்கு ஒருவருக்குப் போய்விட்டால் அது நெருப்புத் துண்டு என்றும் நபியவர்கள் எச்சரித்தார்கள். இருவரும் அழுதார்கள். ஒவ்வொருவரும் தம் உரிமையை மற்றவருக்கே விட்டுக்கொடுத்தார்கள். அப்போதும் நபியவர்கள் ஒருவரிடம் கொடுத்து அனுப்பிவிடவில்லை. நியாயத்தை நாடிப் பங்கிடவும், சீட்டுக் குலுக்கிக்கொள்ளவும், பிறகு ஒருவருக்கொருவர் ஹலால் செய்துகொள்ளவும் சொல்லி அனுப்பினார்கள்.

நம் ஃபுகஹாக்கள் வேட்டைப் பாடத்திலும் இதையே வைத்திருக்கிறார்கள். வீழ்த்தியது இருவரின் அடியுமா, ஒருவருடையது மட்டுமா என்று தெரியாவிட்டால், வெளிப்படையான சட்டப்படி இருவருக்கும் பாதிப்பாதி. அதோடு, பேணுதலுக்காக ஒருவர் மற்றவரிடம் ஹலால் கேட்டுக்கொள்வது நல்லது என்று சேர்த்து எழுதியிருக்கிறார்கள். பாதி பிரித்த பிறகும் ஏன் ஹலால் கேட்க வேண்டும்? உண்மையில் முழு மானும் ஒருவருடையதாக இருந்திருக்கலாம். அந்தப் பாதி அவருடைய வாய்க்குப் போக வேண்டியதாக இருந்திருக்கலாம். அதை அல்லாஹ் அறிவான்.

நம் வீடுகளில் ஹஜ்ஜுக்குப் போகும்போதும் மௌத்துப் படுக்கையிலும் "ஹலால் பண்ணிக்குங்க" என்று கேட்கிறோம். அதே வார்த்தையைக் கடற்கரையில், மீன் ஏலத்துக்குப் போகும் முன்பே கேட்டுக்கொள்ளலாம். விற்ற பிறகு கேட்பதும் செல்லும். ஆனால் அப்போது மற்றவருக்கு எவ்வளவு விலை போனது என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும்.