பல் ஏன் ஆடியது?

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த முதியவர்களிடம், “பல் எப்படிப் போனது?” என்று கேட்டுப் பாருங்கள். “வயசாயிடுச்சு, ஆடிச்சு, விழுந்திடுச்சு” என்பார்கள். ஈப்போவில் உள்ள பல் மருத்துவர் இந்தப் பதிலோடு நின்றுவிடமாட்டார். பல்லைத் தாங்கும் எலும்பு எவ்வளவு கரைந்துள்ளது, எவ்வளவு வேகமாகக் கரைந்தது என்று ஆராய்வார்.

அதற்கு அவர் பயன்படுத்துவது மில்லிமீட்டர் கோடுகள் இட்ட, முனை மழுங்கிய மெல்லிய கம்பி. அதைப் பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையில் மெதுவாக நுழைத்து ஆழத்தை அளப்பார். நலமான ஈற்றில் அது 3 மில்லிமீட்டருக்கு மேல் இறங்குவதில்லை. இரத்தமும் பெரும்பாலும் கசியாது. பல்லின்மேல் படியும் கிருமிப் படலத்தால் ஈறு சிவந்து, வீங்கி, இரத்தம் கசிந்தால் அது ஈறு அழற்சி. படலத்தை நீக்கினால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கர்ப்பகாலத்திலும் ஈறு எளிதில் வீங்கும். வலிப்பு நோய்க்கான சில மருந்துகளாலும் தடிக்கும். இவற்றுக்குத் தனி உட்பிரிவுகள் உண்டு.

அழற்சி ஆழத்தில் பரவி எலும்பைக் கரைத்தால் அது பல்சூழ் அழற்சி. கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. இந்நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதனால்தான் பல் ஆடும்வரை பலருக்கு அது தெரிவதே இல்லை.

ஈறு வீங்கிய எல்லாருக்கும் எலும்பு கரையுமா? இக்கேள்விக்கு விடை தேட உதவியவர்கள் நம்மைப் போன்ற தோட்டத் தமிழர்களே. நோர்வேயில் பிறந்த ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் 1970இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தனர். 15 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தனர். அத்தொழிலாளர்கள் பல் துலக்கும் பழக்கம் இல்லாதவர்கள். ஏறக்குறைய எல்லாருக்கும் ஈறு வீங்கியிருந்தது. ஆயினும், சுமார் 8 விழுக்காட்டினருக்கு மட்டுமே நோய் விரைந்து முற்றியது. 81 விழுக்காட்டினருக்கு அது மிதமாக வளர்ந்தது. எஞ்சிய 11 விழுக்காட்டினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி நோய் வளரவே இல்லை! அழுக்கு ஒன்றே, வேகம் வேறு.

2017இல் சிகாகோவில் கூடிய உலக வல்லுநர்கள் வகுத்த முறையிலும் இந்த வேறுபாடு இடம்பெற்றது. இழப்பின் அளவைக் காட்ட நான்கு நிலைகள். வேகத்தைக் காட்ட மூன்று தரங்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 60 வயது தாத்தாவுக்கும் 25 வயது பேரனுக்கும் எலும்பு 30 விழுக்காடு கரைந்துள்ளது என்று வைத்துக்கொள்வோம். இருவரும் இரண்டாம் நிலையில் இருக்கலாம். இழப்பை வயதால் வகுத்தால் தாத்தாவுக்கு 0.5, பேரனுக்கு 1.2. ஒன்றைத் தாண்டினால் நோய் வேகமானது. ஆகவே, மருத்துவர் அதிகம் கவலைப்படுவது பேரனைப் பற்றித்தான்.

ஆனால், தாத்தா நாளொன்றுக்குப் பத்து சிகரெட் புகைப்பவராக இருந்தாலோ, நீரிழிவு நோயாளியான அவரது மூன்று மாதச் சர்க்கரை அளவு 7 விழுக்காட்டை எட்டியிருந்தாலோ, அவரும் பேரனின் தரத்திலேயே சேர்க்கப்படுவார்.