கான்ஃபிக் கோப்பில் குறிப்பு எழுத வழி செய்வோம்: முழுமையான வழிகாட்டி

எதற்கு?

போடிமெட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஒரு ஸ்டோருக்கான சிறிய பைத்தான் நிரலை எடுத்துக்கொள்வோம். டெர்மினலில் பச்சைக்காயின் எடையைக் கொடுத்தால், உலர்ந்தபின் எவ்வளவு தேறும் என்று சொல்லும். நிரலுக்கான அமைப்புகளை வைத்திருக்கும் அதன் கான்ஃபிக் கோப்பில் இரண்டே வரி:

உலர்_விகிதம் = 5
சூடு = 50

5 கிலோ பச்சைக்காய்க்கு 1 கிலோ உலர்காய் என்பது கணக்கு. போன மாதம் இதே இடத்தில் 4.5 இருந்தது. மழையில் பறித்த காயில் ஈரம் கூடுதல் என்பதால் மாற்றினோம். அடுத்த சீசனில் கோப்பைத் திறப்பவருக்கு எண் தெரியும், காரணம் தெரியாது. அந்தக் காரணத்தை எண்ணுக்குப் பக்கத்திலேயே, தமிழிலேயே எழுதிவைக்க இடம் வேண்டும். # போட்டுத் தொடங்கும் வரியை நிரல் கண்டுகொள்ளாமல் தாண்டினால் போதும். இதைத்தான் கமெண்ட் என்கிறோம்.

எவ்வளவு ஆகும்?

பைசா செலவில்லை. பைத்தான் இலவசம், சேர்ப்பது பத்து வரிக்குள் அடங்கும். புதியவருக்கும் ஒரு காலைப்பொழுது போதும்.

எப்படி?

முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுத்துவிடுவோம்.

அடுத்து, கோப்பை வரி வரியாகப் படிப்போம். ஒவ்வொரு வரியையும் எடுத்தவுடனே எண்ணிவிட வேண்டும். தாண்டிய வரிகளை எண்ணாமல் விட்டால், பிழை 9ஆம் வரியில் இருக்க, நிரல் 4ஆம் வரியைக் காட்டும்.

பிறகு வரியின் இரு முனைகளிலும் உள்ள இடைவெளியை நீக்குவோம். மிஞ்சியது வெற்று வரியா, # கொண்டு தொடங்குகிறதா என்று பார்த்து, ஆமென்றால் அடுத்த வரிக்குப் போவோம். இதற்குப் பிறகுதான் = குறியில் பிரிக்க வேண்டும். வரிசை மாறினால் '# பழைய விகிதம் = 4.5' என்ற குறிப்பே ஓர் அமைப்பாகிவிடும். சோதித்துப் பார்க்க இந்த வரியே போதும்.

வரியின் நடுவில் குறிப்பு?

'உலர்_விகிதம் = 5 # மழைக்காய்' என்று எழுத ஆசை வரும். இப்போதைக்கு வேண்டாம். # கண்ட இடத்தில் வெட்டினால் #008000 போன்ற நிறக்குறியீடு மதிப்பாக வரும்போது காணாமல் போகும். பைத்தானுடன் வரும் கான்ஃபிக்பார்சரும் முழுவரிக் குறிப்பை மட்டுமே தானாக ஏற்கிறது. நடுவரிக் குறிப்பை நாம் கேட்டால்தான் அனுமதிக்கும்.

கோப்பு ஜேசன் (JSON) வடிவில் இருந்தால்?

ஜேசனில் குறிப்புக்கு இடமே இல்லை. அதை வடிவமைத்த டக்ளஸ் கிராக்ஃபோர்டு, சிலர் குறிப்புக்குள் கட்டளைகளை நுழைப்பதைப் பார்த்து, வேண்டுமென்றே அந்த வசதியை நீக்கினார். நாம் டாமல் (TOML) என்ற வடிவத்துக்கு மாறலாம். அது # குறிப்பை ஏற்கும், பைத்தான் 3.11 முதல் அதைப் படிக்கும் வசதி கூடவே வருகிறது.

எச்சரிக்கை

விண்டோஸ் நோட்பேடில் சேமித்த கோப்பின் தலையில் சில நேரம் கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறி ஒட்டியிருக்கும். முதல் வரி # கொண்டு தொடங்கியும் நிரல் திணறினால் இதைச் சந்தேகிப்போம். 'யுடிஎஃப்-8-சிக்' (utf-8-sig) என்ற குறியாக்கத்தில் திறந்தால் சரியாகும், தமிழும் சிதையாது.

இன்னொன்று பெரிய ஆபத்து. நிரலே கோப்பைத் திருத்திச் சேமித்தால், படித்தபோது தாண்டிய குறிப்புகள் அத்தனையும் அழிந்துவிடும். கான்ஃபிக்பார்சரிலும் இதே கதிதான். டாமலுக்கு, குறிப்பைக் காக்கும் டாமல்கிட் என்ற பைத்தான் நூலகம் இருக்கிறது. நம் சொந்தக் கோப்பில், படித்த வரிகளை அப்படியே பட்டியலில் வைத்திருந்து, மாறிய வரியை மட்டும் மாற்றி எழுதுவோம். என்னைக் கேட்டால், தொடக்கத்தில் நிரலை எழுதவே விடாமல் கையால் திருத்துவது நல்லது.

இனி முதல் குறிப்பை எழுதுவோம்:

# மழையில் பறித்த காய், ஈரம் கூடுதல். வெயில் வந்ததும் 4.5 ஆக்கவும்.
உலர்_விகிதம் = 5