வெங்காற்றுக் கருவியைத் தெரிந்துகொள்ளுதல்

யாப்பிலக்கணம் பயின்றோர் ஆசிடை நேரிசை வெண்பாவை அறிவர். இரு குறள் வெண்பாக்களைத் தனிச்சொல்லால் இணைக்குமிடத்து, முதற்குறளின் ஈற்றில் ஓரசையேனும் ஈரசையேனும் கூட்டுவர். அதற்கு ஆசு என்று பெயர். பொற்கொல்லன் பொன்னொடு பொன்னைப் பொருத்துதற்கு இடும் பற்றாசு போல்வதாகலின் அப்பெயர்த்தாயிற்று. வகுப்பில் இதனைக் கேட்டபொழுது என் மனம் வெண்பாவை விடுத்து, என் தாய்மாமன் நடத்தும் கைபேசி பழுதுபார்க்குங் கடைக்குச் சென்றுவிட்டது. விடுமுறைதோறும் யான் அங்குப் பற்றாசு இட்டும் எடுத்தும் பழகியவன். தமிழ் பயில்வோனுக்கு இதில் என்ன வேலை என்று நகுவார் நகுக.

பழைய வானொலிப் பெட்டியின் உறுப்புக்கள் பலகையின் துளைகளிற் கால்களை நுழைத்து நின்றன. 1980-ஆம் ஆண்டுகள் தொட்டு, பலகையின் மேற்பரப்பிலேயே ஒட்டி நிற்கும் உறுப்புக்கள் பெருகின. அவற்றுள் ஒரு வகை 1.6 மில்லிமீட்டர் நீளமும் 0.8 மில்லிமீட்டர் அகலமுமே உடையது. சில சில்லுகளுக்கோ கால்களே இல்லை. வயிற்றின் அடியில் பற்றாசு மணிகளே உள. அவ்விடத்துச் சூட்டுக்கோல் புகுமாறு யாங்ஙனம்? காற்று ஒன்றே புகும். பொற்கொல்லர் பொடி வைத்து ஊதுவதும் ஏறக்குறைய இதுவே. ஆயின் ஈண்டுச் சுடர் இல்லை.

ஈயமும் வெள்ளீயமும் கலந்த பழைய பற்றாசு 183 பாகை செல்சியஸில் உருகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பண்டங்களில் ஈயத்தைப் பெரிதும் விலக்கியபின், வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த பற்றாசு பரவியது. அஃது உருகத் தொடங்குவது 217 பாகையில். இடைப்பட்ட முப்பத்துநான்கு பாகையே கருவியின் தகுதியைச் சோதிப்பது.

பெயிண்ட் உரிக்கும் வெங்காற்றுத் துப்பாக்கி எளிதிற் கிடைக்கும். 1500 வாட்டுக்கு மேலும் ஆற்றல் உடையது. அதனையே கொண்டால் என்னை எனின், யான் கொண்டு கெடுத்தேன் என்பதே விடை. மாமன் இல்லாத ஒருநாள், மூதாட்டியார் ஒருவரின் கைபேசிப் பலகைமீது அதனைப் பிடித்தேன். கடுகினும் சிறிய உறுப்புக்கள் பதர்போற் பறந்தன, பிளாஸ்டிக் இணைப்பு வாய் உருகி வழிந்தது, பலகையும் கொப்புளித்தது. மறைந்த கணவரின் ஒளிப்படங்கள் அதனுள் மட்டுமே இருந்தன. மாமன் அவருக்கு வேறு கைபேசி வாங்கித் தந்தார். "படம் வராதா தம்பி?" என்று அவர் என்னைக் கேட்டார். யான் தலைகுனிந்து நின்றேன்.

ஆகவே, சூட்டையும் காற்றின் அளவையும் தனித்தனியே குறைக்கவுங் கூட்டவும் இயலும் நிலையக் கருவியே வேண்டும். அதில் இருவகை உண்டு. ஒன்று, கைப்பிடிக்குள்ளேயே சிறு விசிறி உடையது; விலை குறைவு, ஓசையுங் குறைவு; ஆயின் குறுகிய நாசிலைப் பொருத்தினால் விசிறியின் அழுத்தம் போதாது காற்றுத் தளரும். மற்றொன்று, பெட்டிக்குள் பம்பு உடையது; குறுகிய நாசிலிலும் காற்றை உந்தும்; கைப்பிடி மெலிது; ஆயின் இரைச்சலும் அதிர்வும் மிகுதி. நாள்தோறும் பல மணிநேரம் உழைப்போருக்கு 1000 வாட் அளவிற் பெரிய நிலையங்களும் உள. செம்புப் படலம் மிகுந்த பலகை சூட்டை உறிஞ்சிவிடுமாதலின், அங்கு மேற்காற்றைக் கடுமையாக்குவதினும், கீழிருந்து 100 முதல் 150 பாகை வரை முன்சூடு தரும் தட்டு ஒன்றைத் தனியே வாங்குவதே நன்று என்பது என் கருத்து.

கருவியின் முகத்திற் காணும் எண்ணை நம்பி ஏமாறற்க. அது சூடாக்கி அருகிலுள்ள காற்றின் வெப்பம், சில்லின் வெப்பமன்று. 350 என்று காட்டினும், நாசிலை ஒரு சென்டிமீட்டர் விலக்கினால் வேறாம்.

விலை மலிந்த கருவிகளில் அஞ்சத்தக்கது வேறொன்று. சிலவற்றில் நில இணைப்பு நாசில்வரை செல்வதில்லை. சிலவற்றில் சுவிட்சு, மின்வரும் கம்பியில் அன்றித் திரும்புங் கம்பியில் இருக்கும். அணைத்தபின்னும் உள்ளே 230 வோல்ட்டு நிற்கும் என்றறிக. பிளக்கைச் சுவரினின்று கழற்றி, அதன் நில முனையிலும் நாசிலின் உலோகத்திலும் மல்டிமீட்டரின் ஊசிகளை வைத்தால், தடை ஏறக்குறைய பூச்சியமாகக் காட்டவேண்டும். காட்டாவிடின் விலை எத்துணைக் குறைந்ததாயினும் திருப்பிக் கொடுத்துவிடுக. கைப்பிடியைத் தாங்கியில் வைத்தவுடன் சூடு நின்று, ஆறும்வரை காற்று மட்டும் ஓடுகின்றதா என்பதையும் நோக்குக; அஃதின்றேல் சூடாக்கி விரைவிற் கெடும்.

வாங்கச் செல்வோர் கெட்டுப்போன பலகையொன்றைக் கையிற் கொண்டு செல்க. பிளக்ஸ் தடவி, காற்றை மிதமாக்கி, நாசிலை ஓரிடத்தில் நிறுத்தாது வட்டமாகச் சுழற்றுக. பற்றாசு பளபளத்த பின், இடுக்கியால் மெல்ல அசைத்துப் பார்த்துச் சில்லை எடுக்கலாம். எடுத்தபின் பலகை பழுப்பேறவில்லையா, அண்டையிலுள்ள சிற்றுறுப்புக்கள் இருந்த இடத்திலேயே உளவா என்று எண்ணிப் பார்த்துப் பின்னரே பணத்தை எண்ணுக.