நடுரோட்டில் நின்ற அம்பாசடர்: பழி ஏன் கார்பரேட்டருக்கே?

நம்பிக்கை: பழைய கார் சூடேறி நின்றுவிட்டால் அது வேப்பர் லாக். பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டால் போதும்.

உண்மை: வேப்பர் லாக் கற்பனை இல்லை. பிரீமியர் பத்மினியில் பம்ப் எஞ்சினோடு ஒட்டியே இருக்கிறது. டேங்கிலிருந்து அது உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறையும்; அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும்; ஆவியைத் தள்ள அந்தப் பம்பால் முடியாது. சித்திரை வெயிலில் டிராஃபிக்கில் ஊர்ந்தால் இது நடக்கத்தான் செய்யும்.

ஆனால் துணியைப் போட்டு அரை மணி நேரம் காத்திருந்தால் பம்ப் மட்டுமா ஆறுகிறது? இக்னிஷன் காயிலும் ஆறுகிறது, டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள கண்டன்சரும் ஆறுகிறது. பழுதடையத் தொடங்கிய காயில் சூட்டில் கரண்டைக் கைவிடும், ஆறினால் திரும்பக் கொடுக்கும். வண்டி கிளம்பியதும் பெயர் ஈரத்துணிக்குப் போய்விடுகிறது. அடுத்த முறையும் நிற்கிறது. பிறகு, குற்றமே செய்யாத கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவுகிறார்கள். நல்ல கார்பரேட்டர்கள் பல இப்படித்தான் தேய்ந்த திருகுகளோடும் கிழிந்த கேஸ்கட்டோடும் வீணாகின்றன.

ஆகவே ஆறுவதற்குள் பாருங்கள். டிக்கியில் ஒரு உபரி பிளக் இருக்கட்டும். வண்டி நின்றதும் அதை பிளக் வயரில் செருகி, உலோக உடல் எஞ்சினில் பதியும்படி வைத்துவிட்டு, ஒருவரை செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். கையில் பிடிக்கக் கூடாது. பெட்ரோல் வாடை அடித்தால் இந்தச் சோதனையே வேண்டாம். பளிச்சென்று நீலப் பொறி வந்தால் பெட்ரோல் பக்கம் தேடலாம். பொறி மஞ்சளாக மங்கினாலோ, வராமலே போனாலோ காயில், கண்டன்சர், பாயிண்ட் ஆகியவற்றைப் பாருங்கள். 1489 சிசி அம்பாசடரில் பாயிண்ட் இடைவெளி சுமார் 0.015 அங்குலம். நின்ற விதமும் துப்பு தரும்: சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட், இழுத்து இழுத்துத் திணறி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல்.

நம்பிக்கை: ஆக்சிலேட்டர் லிங்க்கைத் தட்டியும் உள்ளே பெட்ரோல் பீச்சவில்லை என்றால் கார்பரேட்டர் போச்சு.

உண்மை: ஆக்சிலேட்டர் பம்ப் உள்ள சோலெக்ஸுக்கு இந்தச் சோதனை பொருந்தும். எஸ்.யூ. கார்பரேட்டருக்கு அந்தப் பம்ப்பே கிடையாது. அது எத்தனை முறை தட்டினாலும் பீச்சாது. அதில் மேலேறும் பிஸ்டனைத் தாமதப்படுத்தும் எண்ணெய்தான் அந்த வேலையைச் செய்கிறது. மேல்மூடியைத் திருகி எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் ஆக்சிலேட்டரை மிதித்ததும் எஞ்சின் திணறும்.

நம்பிக்கை: சிக்னலில் ஆஃப் ஆனால் ஐடிலிங் ஸ்க்ரூவை ஏற்றி வைக்கலாம்.

உண்மை: அது நோயை மறைக்கும். மேனிஃபோல்டு கேஸ்கட் வழியாகக் காற்று புகுகிறதா என்று முதலில் பாருங்கள்.

நம்பிக்கை: டேங்க் மூடி எதுவானாலும் சரி.

உண்மை: மூடியில் காற்று வழி வேண்டும். அது அடைத்தால் பெட்ரோல் குறையக் குறைய டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பம்ப் தோற்கும். நெடுஞ்சாலையில் நன்றாக ஓடிவந்த வண்டி திணறி நின்றால் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்'ஸென்று காற்று உள்ளே போனால் காரணம் அதுதான்.

நம்பிக்கை: எல்லாம் எத்தனால் கலந்த பெட்ரோலால் வந்த வினை.

உண்மை: பாதிதான் சரி. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதனால் பழைய செட்டிங்கில் 20 சதவீதக் கலவையை ஊற்றினால் எரிபொருள் பற்றாமல் எஞ்சின் ஓடும். ஜெட்டைச் சற்றே கூட்டினால் இது சரியாகும். ரப்பர் குழாய்களின் சேதத்துக்கு அப்படிச் சுலப வழி இல்லை. எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள துண்டுகளை விட்டுவிடாதீர்கள். அங்கே விரிசல் விட்டால் ஓடும்போது பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.