உயிர்ப்புப் பெருவிழா மேசையில் ஹாம்

அமெரிக்கக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் உயிர்ப்பு ஞாயிறன்று மேசையின் நடுவே பொன்னிறமாய் மினுமினுக்கும் ஹாம் ஒன்று வீற்றிருக்கும். போலந்து நாட்டிலோ, பெரிய சனியன்றே ரொட்டி, முட்டை, உப்பு ஆகியவற்றோடு ஹாமையோ தொத்திறைச்சியையோ கூடையில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுசென்று, குருவானவரிடம் மந்திரித்து வாங்கி வருவர்.

ஏன் ஹாம்? குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் ஐரோப்பிய உழவர்கள் இலையுதிர் காலத்தில் பன்றியை அறுத்து, பின்தொடையை உப்பிட்டுப் புகையூட்டித் தொங்கவிடுவர். குளிர்காலம் முழுதும் பதப்பட்டு அது பக்குவமாகும் வேளையில் தவக்காலமும் முடிந்துவிடும். நாற்பது நாள் புலால் துறந்தவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

உப்பு, இறைச்சியிலுள்ள நீரை வெளியே இழுத்து, கிருமிகள் பெருகாதபடி தடுக்கிறது. உப்போடு வெடியுப்பும் சேர்ப்பது பழைய வழக்கம். அதிலுள்ள நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, தசையின் நிறப்பொருளோடு கூடுவதால்தான், வெந்த பிறகும் ஹாம் இளஞ்சிவப்பாகவே இருக்கிறது. ஆகவே நிறத்தைப் பார்த்து வெந்ததா, வேகவில்லையா என்று முடிவுசெய்ய இயலாது. இதை நன்றாக நினைவில் வையுங்கள்.

கடையில் வாங்கும்போது முதலில் சீட்டைப் படியுங்கள். 'முழுதும் வெந்தது' என்றிருந்தால் நாம் செய்வது சூடாக்குவது மட்டுமே. உள்ளே 60 பாகை செல்சியஸ் போதும். 'சமைத்தே உண்க' என்றிருந்தால் 63 பாகை ஆகவேண்டும்; பின்னர் 3 நிமிடமேனும் ஆறவிட வேண்டும். வேகாத பன்றியிறைச்சியில் டிரைக்கினெல்லா என்னும் நுண்புழு இருக்கக்கூடும். அது மனிதரின் தசைக்குள் சென்று தங்கிவிடும். விருந்துக்கு வந்த குழந்தைகளை நோயில் தள்ளும் அளவுக்கு நம் அவசரம் பெரியதன்று. இறைச்சி வெப்பமானியைத் தடித்த சதைப் பகுதியில், எலும்பில் படாமல் குத்திப் பாருங்கள். எலும்பைத் தொட்டால் அளவு பிழைக்கும்.

இனிச் செய்முறை. எலும்போடு கூடிய, முழுதும் வெந்த 3 கிலோ ஹாம் என்று கொள்வோம். தடித்த தோல் இருந்தால் நீக்கிவிட்டு, கொழுப்பை விட்டுவையுங்கள். அதன்மேல் கத்தியால் அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, கோடுகள் சந்திக்குமிடந்தோறும் ஒரு கிராம்பைச் செருகுங்கள். தட்டில் ஒரு குவளை நீர் ஊற்றி, அலுமினியத் தாளால் மூடி, 165 பாகை சூட்டில் ஓவனில் வையுங்கள். கிலோவுக்கு 40 முதல் 50 நிமிடம் பிடிக்கும்.

பூச்சுக்கு ஒரு குவளை பழுப்புச் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி தேன், இரண்டு மேசைக்கரண்டி கடுகு விழுது, சிறிது வினிகர் அல்லது அன்னாசிச் சாறு. எல்லாவற்றையும் இளஞ்சூட்டில் பாகாகக் காய்ச்சுங்கள். கடுகும் புளிப்பும் இல்லாவிட்டால் திகட்டும்.

இந்தப் பூச்சைக் கடைசி அரைமணி நேரத்தில்தான் தடவ வேண்டும். நான் முதன்முறை ஆவலில் தொடக்கத்திலேயே பூசிவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால், மேலே கரி, கீழே தட்டோடு ஒட்டிய கரி! தேனிலுள்ள பழச்சர்க்கரை சுமார் 110 பாகையிலேயே கருகத் தொடங்கும் இயல்புடையது. சாதாரணச் சர்க்கரை ஏறத்தாழ 160 பாகை வரை தாங்கும். எனவே தாளை நீக்கி, சூட்டை 200 பாகைக்கு உயர்த்தி, பத்து நிமிடத்துக்கொரு முறை பூசி, பக்கத்திலேயே நில்லுங்கள். அப்போது வேறு வேலைக்குப் போகாதீர்கள்.

வெளியே எடுத்தபின் கால்மணி நேரம் ஆறவிட்டால் சாறு உள்ளேயே தங்கும். பரிமாறுமுன் கிராம்புகளை எடுத்துவிடுங்கள். தாத்தா பாட்டியின் பல்லுக்கு அவை ஆகா.

மீந்ததை 2 மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள். எலும்பை எறிய வேண்டாம். காய்ந்த பட்டாணியோடு வேகவைத்தால் மறுநாளைக்கு அருமையான சூப். ஆனால் உப்பைக் கடைசியில், சுவைத்துப் பார்த்த பிறகே சேருங்கள்.