தாதியராகப் படிக்க விரும்பும் பிள்ளைக்கு: பணம் கட்டுவதற்கு முன்

உயர்தரம் எழுதிய பிள்ளையிடம் அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால், "நேர்சிங்" என்ற பதில் அடிக்கடி வருகிறது. நல்ல விருப்பம். ஆனால் அந்த ஒரு சொல்லின் கீழ் வெவ்வேறு படிப்புகள் விற்கப்படுகின்றன. எது எதற்கு இட்டுச்செல்லும் என்று தெரியாமல், வாழ்வாதார உதவியாகக் கிடைத்த பணத்தையோ அடகு வைத்த நகையின் காசையோ கட்டிவிடாதீர்கள்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர், "கொமியூனிற்றி கொலிஜில் இரண்டு வருடம் படித்து நேர்ஸ் ஆகலாம்" என்று சொல்லியிருப்பார். அங்கே அது உண்மை. அந்தப் படிப்பின் பின் உரிமப் பரீட்சையில் சித்தியடைந்தால் பதிவுபெற்ற தாதியாகலாம். நம் நாட்டில் அந்த வழி இல்லை.

இங்கே அரச வைத்தியசாலையில் தாதிய உத்தியோகத்தராவதற்குப் பெரும்பாலானோர் செல்லும் வழி, சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் மூன்று ஆண்டு டிப்ளோமா. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் கல்லூரிகள் உண்டு. கட்டணம் இல்லை, பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் உண்டு. விண்ணப்பம் வர்த்தமானியில் அறிவிக்கப்படும். தேவையான பாடங்களும் வயதெல்லையும் அதிலேயே இருக்கும். அறிவித்தல் ஒவ்வொரு வருடமும் ஒரே மாதத்தில் வருவதில்லை. வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பிரதேச செயலகத்திலோ நூலகத்திலோ பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைக்கு ஏற்படுத்துங்கள்.

இரண்டாவது வழி பல்கலைக்கழகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் நான்கு ஆண்டு தாதியப் பட்டப்படிப்பு உண்டு. அனுமதி உயர்தர இசட் புள்ளியின்படி. புள்ளி போதாவிட்டாலும் பட்டக் கதவு மூடிவிடாது: டிப்ளோமா முடித்துப் பணியில் இருப்பவர்கள் திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டம் படிக்கலாம்.

மூன்றாவது, தனியார் நிலையங்களின் குறுகிய காலப் பயிற்சி. தாதி உதவியாளர், பராமரிப்பாளர் வேலைகளுக்கு இவை உதவும். அதில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் ஆறு மாதச் சான்றிதழ் பிள்ளையைப் பதிவுபெற்ற தாதியாக்காது. விளம்பரத்தில் வெள்ளைச் சீருடைப் படம் இருந்தால் மட்டும் போதுமா? மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். முடிவில் கிடைப்பது எத்தனையாம் மட்ட என்.வீ.கியூ. சான்றிதழ் என்று எழுத்தில் வாங்குங்கள். எழுதித்தரத் தயங்கும் இடத்தில் பணம் கட்டவேண்டாம்.

நம் குடும்பங்கள் பெரும்பாலும் தடுக்கி நிற்பது படிப்பில் அல்ல, ஆவணத்தில்தான். இடப்பெயர்வில் தொலைந்த சாதாரணதர, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தில் மீண்டும் பெறலாம். சுட்டெண்ணும் பரீட்சை எழுதிய வருடமும் வேண்டும். சுட்டெண் மறந்துபோனால் படித்த பாடசாலையின் அதிபரிடம் கேளுங்கள். பாடசாலை இடம் மாறியிருந்தால் வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரிக்கலாம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் பாடசாலைப் பதிவில் வேறு எழுத்தும் இருந்தால், இப்போதே பிரதேச செயலகத்தின் பதிவாளரிடம் போங்கள். அறிவித்தல் வந்த பின் ஓடினால் முடிவுத் திகதி தாண்டிவிடும்.

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பியவர்களுக்குத் தனியாக ஒரு விடயம். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலின் மூலப்பிரதி, மாற்றுச் சான்றிதழ், பிறப்புப் பதிவு ஆகியவற்றைக் கைவிடாதீர்கள். அங்கேயே விட்டு வந்திருந்தால், இன்னும் முகாமில் இருக்கும் உறவினரிடம் சொல்லி எடுப்பியுங்கள். அங்கு படித்ததை இங்கே உயர்தரத்துக்குச் சமமாகத் தாமாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விண்ணப்பிக்கும் நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும். அங்கு நேர்சிங் முடித்தவர்களும், வேலை தேடுமுன் இங்கே பதிவு பெறும் வழியை விசாரிக்க வேண்டும்.

வர்த்தமானிப் படிவத்தை நிரப்பச் சிரமமாக இருந்தால், பிரதேச செயலகத்தில் உள்ள மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் மூலப்பிரதிகளுடனும் இரண்டு செற் போட்டோப்பிரதியுடனும் செல்லுங்கள். படிவம் நிரப்பித் தருவதற்கு எவருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை.