கல்லில் எஞ்சிய வாழ்வு

நுழையும்முன்

எழுதிவைக்கப்படாத வாழ்வும் வரலாறே. அவ்வாழ்வைப் படிப்பதற்கு மலையும் பாறையும் ஏடுகளாகின்றன. பழனி மலைத்தொடரின் கற்றிட்டைகள் அத்தகைய ஏடுகள்.

பாறைமேல் ஒரு வீடு

கொடைக்கானலை அடுத்த மலைச்சிற்றூர் பேத்துப்பாறை. இங்கும் தாண்டிக்குடி, பெரும்பாறை முதலிய ஊர்ப்புறங்களிலும் பெருங்கற்காலக் கற்றிட்டைகள் காணப்படுகின்றன. பலகைக் கற்களைப் பக்கங்களில் நிறுத்தி, மேலே மூடுகல் பரப்பி அமைக்கப்பட்டவை இவை. இவற்றை 'ஆதிமனிதன் வீடு' என்றும் 'குள்ளர் வீடு' என்றும் மக்கள் வழங்குவர். ஆயினும், இவை வாழ்ந்தோர் குடியிருந்த வீடுகள் அல்ல; இறந்தோர்க்கு எடுக்கப்பட்ட நினைவிடங்கள். சமவெளியில் மண்ணைத் தோண்டித் தாழி புதைத்தனர். தோண்டவியலாத பாறைப்பரப்பிலோ கல்லை அடுக்கினர். நிலமே வழக்கத்தை வகுத்தது.

வாழ்ந்தோர் வீடு எங்கே?

இறந்தோர்க்குக் கல்வீடு எடுத்தவர்கள் தாங்கள் எங்கே வாழ்ந்தனர்? மரம், மூங்கில், புல், மண் ஆகியவற்றால் அமைந்த குடில்கள் மலைமழையில் மட்கிவிடும். கல் மட்டுமே எஞ்சும். எனவே, அன்றாட வாழ்வைச் சிறு தடயங்களைக்கொண்டே அறியவேண்டியுள்ளது. தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் மட்கலங்களும் சூதுபவள மணிகளும் கிடைத்தன. இம்மலையில் விளையாத அம்மணிக்கல், மலைமக்கள் வெளியுலகத் தொடர்பின்றித் தனித்து வாழவில்லை என்பதை உணர்த்துகிறது. கோடைமலைத் தலைவன் கடிய நெடுவேட்டுவனைப் புறநானூறு குறிப்பிடுவதும் இங்கு எண்ணத்தக்கது.

பாலையில் ஒரு சான்று

அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள வறண்ட நிலத்தில் இதற்கு மாறான காட்சியைக் காணலாம். கொலராடோ மாநிலத்தின் மேசா வெர்டேயில், பியூப்லோ மக்களின் முன்னோர் மலைப்பிளவுகளில் கல்வீடுகள் கட்டி, மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டு வாழ்ந்தனர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், நீண்ட வறட்சியும் பிற நெருக்கடிகளும் சூழ, அவ்விடத்தை விட்டகன்றனர். மழை குறைந்த காற்றும் பாறையின் நிழலும் அவ்வீடுகளைக் காத்தன. அங்கே வாழ்ந்தோர் வீடு நின்றது. இங்கே இறந்தோர் வீடு நின்றது. ஒன்றில் இல்லாததை மற்றொன்று எண்ணிப்பார்க்கச் செய்கிறது.

காக்கும் கடமை

மேசா வெர்டே 1906இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பழனிமலைக் கற்றிட்டைகளை இயேசு சபைத் துறவியர் ஆங்கிலேட், நியூட்டன் இருவரும் ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. ஆயினும், பதிவு மட்டும் பாதுகாப்பாகிவிடாது. புதையல் உண்டென நம்பித் தோண்டுவதாலும், பலகைக் கல்லை வேறு பணிக்குப் பெயர்ப்பதாலும் ஒரு கற்றிட்டை ஒரே நாளில் அழியக்கூடும். இடம் பெயர்ந்த கல் வெறும் கல்லே. அது நின்ற திசையும் அதனுள் இருந்த மண்ணும் சேர்ந்தால்தான் வரலாறு.

பியூப்லோ மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். மேசா வெர்டேயைத் தம் முன்னோர் இல்லமாகவே போற்றுகின்றனர். பேத்துப்பாறையிலும் பளியர் குடியிருப்பு உண்டு. தேனும் கிழங்கும் அறிந்த அவர்தம் பட்டறிவு, மலைவாழ்வைப் புரிந்துகொள்ளத் துணைபுரியும். கல்லைக் காப்பதோடு, மலையை அறிந்த மனிதரையும் மதிப்பதே முழுமையான மரபுப் பாதுகாப்பாகும்.

கற்பவை கற்றபின்...

உங்கள் ஊரில் காணப்படும் நடுகல், கற்றிட்டை, தாழி ஆகியவற்றுள் ஒன்றைத் தொடாமலும் பெயர்க்காமலும் உற்றுநோக்கி, அதன் அமைப்பையும் ஊரார் வழங்கும் பெயரையும் குறித்து வகுப்பில் உரையாடுக.